சாம்பார் அசனம்

எங்கள் சபையில் அசனம் என்றால் ஆட்டுக்கறி. வருடத்தில் ஒரு நாள் சபையாரும் வந்தவர் போனவரும் கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதற்கு அசனம் என்று பெயர். ராஜபாளையத்தில் எங்கள் சபையின் அங்கத்தினர் இருநூற்றுப் பத்துப் பேர். அசனத்தன்று அறுநூறு. கர்த்தர் அப்பத்தைப் பெருக்கினார். நாங்கள் ஆளைப் பெருக்குகிறோம்.

பத்தொன்பது வருடமாக அந்தக் கறியை வைப்பவர் ஸ்ரீவில்லிபுத்தூர் சோலைச்சாமி. அவர் கைப்பக்குவத்தைக் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நடந்ததை மட்டும் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்பு அவர் தாளித்த வாசனை மேற்கே அய்யனார் கோவில் அருவி வரைக்கும் போனது. அங்கே குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் தலையைக்கூடத் துவட்டாமல் ஈரத்துணியோடு வந்து எங்கள் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தது. இலையெல்லாம் தண்ணீர். ரசம் விட்டாகிவிட்டது என்று நினைத்து நான் அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன்.

நடுவில் ஒரே ஒரு வருடம் சோலைச்சாமிக்குக் காய்ச்சல். பாண்டிதுரை என்பவரைக் கூப்பிட்டோம். அவர் வைத்த கறியில் மிஞ்சியதைத் தின்ற எங்கள் தெரு நாய், அசல் ராஜபாளையம் சாதி, மூன்று மாதம் பொமரேனியன் குரலில் குரைத்தது. அதற்குப் பிறகு அசனத் தேதி குறித்ததும் முதல் போன் சோலைச்சாமிக்குத்தான்.

போன் போடுகிறவன் நான். ஞானரத்தினம், ரிட்டயர்டு கண்டக்டர், அசனக் கமிட்டித் தலைவன். வழக்கமாக அக்டோபரில் நடக்கிற அசனம் இந்த வருடம் கோயிலுக்குத் தரை போடும் வேலை இழுத்ததால் டிசம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப்போனது. எங்கள் சபைக் காலண்டரில் ஞாயிறு சிவப்பு, மற்றதெல்லாம் கறுப்பு. கார்த்திகை என்று ஒரு மாதம் இருப்பதே அதற்குத் தெரியாது. நானும் காலண்டர் சொன்னபடி போன் போட்டேன். "டிசம்பர் ஏழு. குறிச்சுக்கிட்டேன் அண்ணாச்சி" என்றார் சோலைச்சாமி.

அசனத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, சாமான் பட்டியலோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கதவைத் திறந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கறுப்பு வேட்டி, பத்து நாள் தாடி, கழுத்தில் துளசி மாலை.

"வாங்க அண்ணாச்சி சாமி" என்றார் சோலைச்சாமி.

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் எதிரே வருகிற எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலில் நின்ற கன்றுக்குட்டியிடம்கூட, "சாமி, செத்த தள்ளி நில்லுங்க" என்றார். அது நின்றது.

"என்ன சாமி, என்னைக்கும் இல்லாம இந்த வருசம்?" என்று கேட்டேன்.

"ஆனி மாசம் நம்ம வீட்டுக்காரி அழகுத்தாய்க்கு வயித்துல கட்டின்னு மருதைக்குக் கொண்டு போனோம்லா. ஆப்பரேசன் ரூமுக்குள்ள கொண்டு போயி கதவைச் சாத்திட்டாவ. எனக்கு என்ன தெரியும், அடுப்புதான் தெரியும். பொழைச்சு வந்தா, கார்த்திகை ஒண்ணாந் தேதி மாலையப் போட்டு, நாப்பத்தொரு நாள் விரதம் இருந்து மலைக்கு வாரேன்னு சொல்லிட்டேன். பொழைச்சிட்டா."

என் கையில் இருந்த பட்டியலின் முதல் வரி: ஆட்டுக்கறி நூற்றிருபது கிலோ. மாலை போட்டவர் கறியைத் தின்பதென்ன, தொடவே கூடாது. அவரும் அந்த வரியைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து சுவரைப் பார்த்தோம். சமையலுக்கு வாக்குக் கொடுத்த தேதிகளை வட்டம் போட்ட இங்கிலீஷ் காலண்டர் ஒரு பக்கம், விரதத்துக்கு நாள் எண்ணும் தமிழ்த் தினசரிக் காலண்டர் ஒரு பக்கம். இரண்டும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில்தான் தொங்கின. இந்த ஐந்து மாதத்தில் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கவில்லை.

"கவலைப்படாதீக" என்றார் சோலைச்சாமி, தரையைப் பார்த்தபடி. "நாளைக்குக் காலையில பஜனை மடத்துக்குப் போயி, மாலை போட்டுவிட்ட குருசாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாலையக் கழத்திருதேன். அடுத்த வருசம் போட்டுக்கிடலாம். சாமி பொறுத்துக்கிடுவாரு. அறுநூறு பேரு பசி பொறுக்குமா?"

உள்ளே மிக்சி நின்றது. அவர் மனைவி அழகுத்தாய் காபி கொண்டுவந்து வைத்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "செய்யட்டும் அண்ணாச்சி. அவிய குடுத்த வாக்கு தப்ப மாட்டாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எந்த வாக்கு என்று சொல்லவில்லை.

நியாயமாக அந்த இடத்தில் எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். காபியின் முதல் மடக்கில் வரவில்லை. கறி தப்பித்தது என்ற நிம்மதிதான் வந்தது. இரண்டாவது மடக்கில் சோலைச்சாமியின் காலைப் பார்த்தேன். கார்த்திகை மழையில் செருப்பில்லாமல் பத்து நாள் நடந்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. மீதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலமே கமிட்டியைக் கூட்டினேன். பதினொரு பேர். தலைமையில் எங்கள் போதகர் ஜெர்வின் ஐயர். இந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். முப்பது வயது, பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாது. அதனால் சபையில் நல்ல பெயர்.

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், செயலாளர் வேதசிரோமணி நோட்டைத் திறந்துவிட்டார். தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவர். எதையும் தீர்மானமாக எழுதினால்தான் அவருக்கு மூச்சு வரும்.

"அவரே கழத்துதேன்னு சொல்லியாச்சு. பொறவு கமிட்டிக்கு என்ன சோலி? நன்றி தெரிவிச்சு ஒரு தீர்மானம் போட்டு முடிங்க."

"மனசில்லாம கழத்துதாரு" என்றேன்.

"ஏலே ஞானம், அது என்ன நம்ம விரதமா? நாம அதை நம்புறவியளா? கழுத்துல கெடக்க பாசிமணி. அதுக்குப் போயி அசனத்தை நிறுத்தவா?"

"ஒரு சந்தேகம்" என்றார் ஐயர். "போன லெந்து காலத்துல நாப்பது நாளும் கறி திங்காம இருந்தவிய யாரெல்லாம்? செத்த கையைத் தூக்குங்க."

லெந்து என்பது ஈஸ்டருக்கு முன்னால் நாங்கள் விரதம் இருக்க வேண்டிய நாற்பது நாள். வேதசிரோமணியின் கை காது வரைக்கும் ஏறியது. அங்கே மனம் மாறி, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பதினேழாம் நாள் தேவதானத்தில் என் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு நாட்டுக்கோழி குழம்பிலிருந்து தானாக எழுந்து வந்து என் தட்டில் உட்கார்ந்தது. வந்ததை விரட்ட முடியுமா?

"நாம நம்புறதை நாம விட வேண்டாம்" என்றார் ஐயர். "அந்த மனுசன் கும்பிடுத சாமியை நாம கும்பிடப் போறதும் இல்ல. ஆனா பொண்டாட்டி உசுரோட வீட்டுக்கு வந்ததுக்கு நன்றி சொல்லணும்னு ஒருத்தரு செருப்பில்லாம நடக்காரு. நன்றி நல்லதா கெட்டதா? நல்லது எந்த வீட்டுல இருந்தாலும் நல்லதுதான் ஐயா. நம்ம நாக்குக்காக அதை முறிச்சுப் போட்டுட்டு, அந்தக் கறியை முன்னால வச்சு நான் எப்படி ஜெபம் பண்ண?"

"அப்ப ஆடு?" என்றார் வேதசிரோமணி.

"ஆட்டுக்கும் இது நல்ல செய்திதான்."

"அசனம்?"

"சாம்பார்."

சுவரில் இருந்த பல்லி பிடி நழுவிக் கீழே விழுந்தது. தொண்ணூறு வருடத்தில் அந்தச் சொல் கமிட்டி அறையில் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் சத்தம். கடைசியில் ஆறுக்கு ஐந்து என்று தீர்மானம் நிறைவேறியது. ஐந்தில் ஒருவரான வேதசிரோமணி அதை எழுதினார். அழுத்திய அழுத்தில் அடுத்த எட்டுப் பக்கத்திலும் சாம்பார் என்று பதிந்திருந்தது.

ராத்திரி போன் போட்டால் சோலைச்சாமியின் போன் அணைத்துக் கிடந்தது. விடிந்தால் மாலையைக் கழற்றிவிடுவார். முதல் பஸ்ஸைப் பிடித்தேன். டிரைவர் நான் கண்டக்டராக இருந்த வண்டியில் ஓட்டிப் பழகிய பையன். "ஒரு சாமிக்கு ஆபத்து, மிதி" என்றேன். எந்தச் சாமி என்று கேட்காமல் மிதித்தான். எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான். அதுவும் எங்களுக்கு முந்தின நாள் கிளம்பியதாம்.

பஜனை மடத்தில் சோலைச்சாமி குளித்துவிட்டு ஈரத்தோடு குருசாமி முன்னால் உட்கார்ந்திருந்தார். கை மாலையில் இருந்தது. எனக்கு ஓடிவந்ததில் மூச்சுத்தான் வந்தது, பேச்சு வரவில்லை. போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாக மாலை போட வந்தவன் என்று குருசாமி நினைத்துக்கொண்டார். "பேரு என்ன சாமி?" என்றார்.

"ஞானரத்தினம்."

என் சட்டைப்பையில் இருந்த சபைச் சந்தா அட்டையைப் பார்த்தார். "பரவாயில்ல. அவருக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று ஒரு மாலையை எடுத்துவிட்டார். அதற்குள் எனக்குப் பேச்சு வந்தது, தப்பித்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் சோலைச்சாமி மாலையிலிருந்து கையை எடுத்து, முகத்தை இரண்டு தடவை துடைத்தார். முகத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்ல மாட்டேன், குளித்துவிட்டு வந்தவர்தானே. பிறகு கேட்டார்:

"சாம்பாரா? அசனத்துக்கா? ஒங்க சபையில ஒங்களை உசுரோட விடுவாவளா அண்ணாச்சி சாமி?"

"அது ஞாயித்துக்கிழமை தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பை நான் வாசித்ததும் பாடகர் குழுவில் இருவர் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்திருந்த நூறு பேர் எழுந்தார்கள். ஸ்வீட்லின் டீச்சர் மட்டும், "முருங்கக்கா போடுவாவளா?" என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். அவர் தயவில் பெண்கள் பக்கம் அடங்கியது.

அசனத்தன்று விடிந்ததும் ஒரு குட்டியானை வண்டி வளாகத்துக்குள் வந்தது. எங்கள் அண்டாக்கள் ஆட்டைத் தவிர வேறெதையும் அறியாதவை என்பதால், பஜனை மடத்து அன்னதான அண்டாக்கள் அதில் இருந்தன. கூடவே கறுப்பு வேட்டியில் ஆறு சாமிகள், மணையும் அரிவாள்மணையுமாக அழகுத்தாய். "எங்களுக்கும் அன்னதானம் பண்ணணும்னு இருந்துச்சு. அது ஒங்க அறுநூறு பேராவே இருக்கட்டும்" என்றார் சோலைச்சாமி. கோயிலுக்குள் ஆராதனை தொடங்கியது. வெளியே சாமிகள் சரணத்தை உரக்கச் சொல்லாமல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு காய் நறுக்கினார்கள். நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே குரலைக் குறைத்துக்கொண்டார்கள். உள்ளே ஐயரும் மைக்கைக் குறைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு வேதசிரோமணி பின்வாசல் வழியாக நழுவுவதைப் பார்த்து நானும் போனேன். அண்டாவில் சாம்பார் தளதளவென்று கொதித்தது. சோலைச்சாமி குனிந்து ஆவியை முகர்ந்து, ஒரு கை உப்பு போட்டு, மறுபடி முகர்ந்தார்.

"நாக்குல விட்டுப் பார்க்கலையா?" என்றார் வேதசிரோமணி.

"இன்னைக்கு இல்ல சாமி. வாசனைதான் கணக்கு."

வேதசிரோமணிக்கு வேர்த்துவிட்டது. அறுநூறு பேர் சாப்பிடப்போகிற சாம்பாரை இதுவரை ஒரு நாக்கும் தொடவில்லை. சோலைச்சாமி அந்தப் பக்கம் திரும்பியதும் வேதசிரோமணி கரண்டியில் கொஞ்சம் அள்ளி, ஊதி, உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"சாமி சாமி" என்று கரண்டியைப் பிடித்துவிட்டார் சோலைச்சாமி. கோபமில்லை, குழந்தை கையில் இருந்து கத்தியை வாங்குகிற மாதிரி. "ஐயர் இன்னும் ஜெபம் பண்ணலையே. ஒங்க சாமிக்குத்தான மொதல்ல. அவருக்கு முன்னால நாம வாய் வைக்கலாமா?"

வேதசிரோமணி கரண்டியைக் கொடுத்தார். எழுபத்திரண்டு வயதில், நாற்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தின ஆள். எதையோ எழுதத் தேடுவது போல் சட்டைப்பையைத் தடவினார். பேனா இருந்தது. எழுதவில்லை.

ஐயர் அண்டாப் பக்கத்தில் வந்து நின்று ஜெபித்தார். சமைத்த கைகளுக்காகவும், பிழைத்து வந்த அழகுத்தாய்க்காகவும், நடக்கப்போகிற கால்களுக்காகவும் நன்றி சொன்னார். ஆறு சாமிகளும் கைகூப்பி நின்றார்கள். ஆமென் சொல்லும் இடம் அவர்களுக்குத் தெரியாததால் கொஞ்சம் பிந்திச் சொன்னார்கள்.

நான்கு பந்தி நடந்தது. இந்த இடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கூட்டாமல் சொல்கிறேன்: உப்பு குறைவு. முதல் வாயிலேயே தெரிந்தது. எங்கள் சபையார் உப்புக்காகச் சொந்த மாமியாரோடு பேச்சை நிறுத்தினவர்கள். இலை ஓரத்தில் வைத்திருந்த உப்பைத் தொட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். முருங்கைக்காய்ச் சக்கை இலைக்கு இலை குவிந்தது.

கடைசிப் பந்தியில் சாமிகள் உட்கார்ந்தார்கள். பரிமாறியது வேதசிரோமணி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியோடு நின்றார். சோலைச்சாமி ஒரு வாய் வைத்தார். மென்றது நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பு கம்மியா இருக்கே சாமி."

"அப்படியா?" என்றார் வேதசிரோமணி.

"அறுநூறு பேரு தின்னிருக்காவ. ஒருத்தருக்குமா தெரியல?"

"எங்க நாக்குக்குச் சரியா இருந்துச்சு" என்றார் வேதசிரோமணி, அவர் இலையில் இன்னொரு கரண்டி விட்டபடி. "நல்லாச் சாப்பிடுங்க. மலை ஏறணும்லா."