நலமாக இருந்த எலிகள்

துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கீழ்த்தட்டில், தக்காளிப் பைக்குப் பின்னால், அப்பாவின் இன்சுலின் டப்பாக்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

தினமும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "ஊசி போட்டாச்சு" என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே வெளியே வருவார்.

மேல்தட்டில் பச்சைச் சாறு, பாதி பாட்டில். தினமும் காலையில் எழுந்ததும் அரைத்து வடிகட்டிக் கொடுத்தது அம்மா. இலையைச் சொன்னது அவள்.

சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில், நீரிழிவு வரவழைத்த எலிகளுக்கு அந்த இலைச் சாற்றைக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது. அப்பா கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்த எலிங்க இப்ப எப்படிம்மா இருக்கு?"

சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கொன்று ஈரலை அறுத்துப் பார்ப்பதுதான் முறை. தட்டுக்கு முன்னால் அதையா சொல்வது?

"நல்லா இருக்குப்பா."

பிறகு தையல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டதாக அளந்துவிட்டார். ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று அவள் சொன்னபோது சமர்த்தாகத் தலையாட்டினார். நேற்று வாந்தி, மூச்சிரைப்பு. இன்சுலின் ஒழுங்காகப் போட்டாரா என்று டாக்டர் கேட்டதற்கு அம்மாதான் முந்திக்கொண்டு, தவறாமல் போடுவார் என்றாள்.

சமையலறை வாசலில் சித்தப்பா நின்றிருந்தார். அழுது வீங்கிய முகம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவருக்கு நெஞ்சு கைவிட்டுடுச்சு, என்ன பண்றது. அந்தச் சாறு மீதி இருந்தா எனக்கு எடுத்து வையிம்மா. நானும் இந்த ஊசிய விட்டுத் தொலைக்கறேன்."

அவருக்குப் பின்னால் அம்மா, காலி டம்ளர்களோடு.

சொன்னால் அம்மா தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால், முன்கூடத்தில் போட்டிருக்கும் இதே வாடகை நாற்காலிகள் அடுத்துச் சித்தப்பா வீட்டுக்குப் போகும்.

டப்பாக்களை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"அப்பா ஊசியே போடலை சித்தப்பா. இந்தச் சாறை நம்பி நிறுத்திட்டார். அதான்."

"எலிக்கெல்லாம் இறங்குச்சின்னாரே?"

"இறங்குச்சு. அப்புறம் நாங்களே கொன்னுட்டோம். நல்லா இருக்குன்னு அப்பாகிட்ட நான்தான் சொன்னேன்."

சித்தப்பா ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அம்மா டம்ளர்களை வைத்தாள். பாட்டிலை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்து, கழுத்தில் படிந்திருந்த பச்சையை விரல்விட்டுத் தேய்த்துக் கழுவினாள். பிறகு தினமும் செய்வதுபோல, மூடியைத் தனியாக வைத்து, பாட்டிலைக் காயக் கவிழ்த்து வைத்தாள்.