சொக்கட்டான் காய்களுக்குப் பதினாறு அறை

1

இந்தக் கதை எனக்குக் கோபத்தில் கிடைத்தது. விளையாட்டுக் காய்களைப் பிரித்து அடுக்க, உள்ளே தடுப்பு வைத்த பெட்டி ஒன்று வாங்கினேன். ‘இனி எதுவும் தொலையாது’ என்று மேலட்டையில் போட்டிருந்தான். தொலைகிற காய்க்கு யார் அடி வாங்குகிறார்கள் என்று போடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1932. காலடிப்பேட்டையில் கடற்காற்று மெல்ல வீச—’

வேண்டாம். காற்றா முக்கியம்? அடிபட்டது ஒரு குழந்தை.

2

பச்சையம்மாவின் புருஷன் வரதன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஞாயிறு வந்தால் தோஸ்து ஷாகுல் ஹமீதோடு வீட்டில் சொக்கட்டான் ஆடுவான். பாதி ஆட்டத்தில் ஏதாவது ஒரு காய் காணாமல் போகும். காய் குறைந்தால் ஆட்டம் செல்லாது. (இது வரதன் வைத்த சட்டம்.) உடனே கத்தல்: பெண்டாட்டி பெருக்கித் தள்ளிவிட்டாள், பிள்ளை எடுத்து ஒளித்துவிட்டது. போன மாதம் ஒரு பச்சைக் காய்க்காக ஆறு வயது அம்முவின் முதுகில் அவன் விரல்கள் பதிந்தன. மறுநாள் அந்தக் காய் அவன் கையிலேயே ‘கிடைத்தது’.

கப்பலில் பாட்டில் வந்த பெட்டி ஒன்றை அடுப்பெரிக்கக் கொண்டுவந்திருந்தான். பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க உள்ளே அட்டைத் தடுப்பு. பச்சையம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அட்டையைப் பட்டை பட்டையாக நறுக்கி, பாதிவரை கீறி, குறுக்கும் நெடுக்குமாகச் செருகி, பசை தடவி, ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இறக்கினாள். நிறத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு நாலு அறை. ஒரு காய் குறைந்தாலும் பார்த்ததுமே தெரியும்.

(இவள் இத்தனை பொறுமைசாலியா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பொறுமை இல்லை. கோபத்துக்குக் கைவேலை கொடுத்தாள்.)

3

அடுத்த ஞாயிறு டப்பாவைத் திறந்து ஷாகுல் ஹமீதிடம் நீட்டினாள்.

“நல்லா பாத்துக்கண்ணே. எல்லா அறையும் ரொம்பி கீதா?”

“கீது தங்கச்சி.”

அம்முவை இழுத்துக்கொண்டு போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே வரதன் தோற்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது.

“செவப்பு ஒண்ணு காணோம். ஆட்டம் செல்லாது! எங்கடி அந்தக் குட்டி?”

பச்சையம்மா உள்ளே போனாள். “அவ என்னாண்ட தான் குந்திகினு கீறா. எய்ந்து நில்லுய்யா.”

“இன்னாது?”

“எய்ந்து நில்லுன்றேன்.”

ஷாகுல் ஹமீதுதான் கையைப் பிடித்துத் தூக்கினான். வேட்டி மடிப்பிலிருந்து சிவப்புக் காய் உருண்டது.

“கில்லாடி மாமு நீ! அத்தினி வாட்டியும் இதானா?” என்று அவன் சிரித்தான். வரதனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவளாலும்.

“சிரிக்கிறியா? கொயந்தய அட்ச்சியே, அதுக்கு இன்னா சொல்ற?”

“வெளாட்டுக்கு எட்த்தேன். வுடு.”

“அட்ச்சதும் வெளாட்டா?”

4

ஒரு முடிவு: வரதன் கண்கலங்கி அம்முவைத் தூக்கி— 

அடித்துவிட்டேன். அவ்வளவு லேசில் அவனைத் தப்பவிட மாட்டேன்.

இன்னொன்று: பச்சையம்மா டப்பாவைக் கடலில் வீசி— 

ஏன் வீச வேண்டும்? அவள் கையால் செய்தது.

அவள் குனிந்து எல்லாக் காய்களையும் பொறுக்கி, அதனதன் அறையில் வைத்து மூடினாள். “இந்த வூட்ல இனிமே ஆட்டம் கெடயாது” என்றாள். ஷாகுல் ஹமீது சிரிப்பை நிறுத்தித் துண்டைத் தேடினான்.

அப்போது அம்மு படியிலிருந்து எழுந்து வந்தாள்.

“நைனா, அப்போ அந்தப் பச்சைக் காய நா எடுக்கல, இல்ல?”

வரதன் வாயைத் திறந்தான்.

அந்த வாயில் ஒரு வார்த்தைகூட நான் போடப்போவதில்லை. வாசகரே, இரக்கப்பட்டு நீங்களும் போட்டுவிடாதீர்கள்.