திரையின் முதுகு

வெள்ளைத் திரை. அதன்மேல் மழை.

ஐம்பதடி உயரத் திரையில் மழை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே புல்வெளியில் ஒரு கார்கூட இல்லை. அமெரிக்காவில், ஓஹையோவின் மார்ச் மாதம். பனி கரைந்து, வரிசை வரிசையாக இரும்புக் கம்பங்கள் தெரிந்தன. கம்பத்துக்குக் கம்பம், கார் ஜன்னலில் எடுத்து மாட்டிக்கொள்ளும் ஒலிபெருக்கி தொங்க வேண்டும். ஒன்றுகூட இல்லை.

வேதவல்லி சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாள். அவளுக்குக் காரில் உட்கார்ந்தே படம் பார்க்கும் இந்த டிரைவ்-இன் தியேட்டரும் வேண்டாம், மழையும் வேண்டாம். ஒரு குரல் வேண்டும்.

பூவராகனின் குரல். அவள் கணவரின் குரல்.

டயர் கம்பெனி வேலை போனதும் மோட்டல் வாங்கு என்றார்கள் சொந்தக்காரர்கள். அவர் தியேட்டர் வாங்கினார். அதுவும் கூரை இல்லாத தியேட்டர். சுற்றிலும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவ சபைக்காரர்களின் நிலம். மின்சாரம் வேண்டாம், கார் வேண்டாம், சினிமா வேண்டவே வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிறவர்கள். கடை விரிக்க நல்ல இடம் பார்த்தீர்கள் என்று வேதவல்லி சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

காற்றில் விழுந்த பழைய திரைக்குப் பதில் புதிது நிறுத்தும்போது, பக்கத்து வீட்டு ஏலி யோடர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார். எந்தப் பக்கம் பார்த்து நிற்கும் என்று மட்டும் கேட்டார். உங்கள் வீட்டுக்கு முதுகைத்தான் காட்டும் என்றார் பூவராகன். சரி என்று போய்விட்டார்.

கோடையில் படம் முடிந்ததும் பூவராகன் மைக்கைப் பிடிப்பார். எல்லாக் கம்பங்களிலிருந்தும் அவர் பேசுவார். ஒலிபெருக்கியை மறக்காமல் மாட்டுங்கள். குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். சாலையில் குதிரை வண்டி வரும், மெதுவாகப் போங்கள். கடைசியில் தமிழில் ஒரு வரி. யாருக்குப் புரியும் என்று கேட்டால், உனக்குப் புரியுமே என்பார்.

அந்த நேரம் வேதவல்லி பாப்கார்ன் சட்டி தேய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. நாளைக்கும் சொல்லத்தானே போகிறார்.

போன நவம்பரில் ஒரு காலை. குளிர்காலத்துக்காக ஒலிபெருக்கிகளைக் கழற்றி உள்ளே வைக்கக் கிளம்பினார். அவள் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் அவர் உதடு அசைந்தது. வரேன் என்றுதான் சொல்லியிருப்பார். அவள் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஏழாவது வரிசையில் ஒலிபெருக்கி ஏற்றிய தள்ளுவண்டி வெகுநேரம் அசையாமல் நிற்பதை ஏலிதான் தன் வயலிலிருந்து பார்த்தார். ஓடி வந்தார். அதற்குள் பூவராகனின் இதயம் நின்றுவிட்டிருந்தது.

மறுநாள் ஏலியின் பிள்ளைகள், யாரும் கேட்காமலே, மீதி ஒலிபெருக்கிகளை இறக்கி அடுக்கிவிட்டுப் போனார்கள். ஏலியின் மனைவி மலிண்டா வாரம் இரண்டு முறை ரொட்டியோடு வந்து பாத்திரம் தேய்த்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. வேதவல்லிக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு ஆல்பம் நிறைய அவர் முகம் இருந்தது. குரல்தான் நாளுக்கு நாள் மங்கியது. படுக்கையில் கண்ணை மூடிக் கூப்பிட்டுப் பார்ப்பாள். முகம் வரும். வாய் அசையும். சத்தம் வராது.

ஒரு கேசட் இருந்தது. இருமல் அதிகமான கடைசி இரண்டு கோடைகளில், அறிவிப்பை இருமல் இல்லாமல் ஒரே தடவையாகப் பதிந்து அதையே ஓடவிட்டார். இப்போது கேட்டால் தாங்கமாட்டேன், பனி கரையட்டும் என்று தள்ளிப்போட்டாள்.

பனி கரைந்தது. கரைந்த தண்ணீர் புரொஜெக்டர் அறைக் கூரை வழியாக கேசட் இருந்த மேசைமேல்தான் இறங்கியிருந்தது. கேசட்டைத் துடைத்துப் போட்டாள். ஒரு உறுமல். நாடா சுருண்டு வெளியே வந்தது. பாவி, நானே தொலைத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மழை விட்ட திங்கட்கிழமை. ரொட்டி சுற்றி வந்த துணிகளைத் திருப்பித் தர வேலியைச் சுற்றி நடந்தாள். மலிண்டா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நீலம், கத்தரிப்பூ நிறம், கறுப்பு. வேதவல்லியின் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். கேசட் போன கதையை வேதவல்லி சொன்னாள்.

மலிண்டா வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தன் கடைசி நான்கு பிள்ளைகளுக்கும் இரவுப் பால் கொடுத்தது திரைப் பக்கத்து ஜன்னலோரம்தான். ஜூலை மாதப் புழுக்கத்தில் ஜன்னலை எப்படி மூடுவது? பூவராகன் மைக்கில் பேசினால் மணி பன்னிரண்டு என்று தெரியும். பதினோரு கோடை. சபைக்குத் தெரிந்தால் நன்றாக இருக்காது என்றாள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

அது மலிண்டாவின் ஆங்கிலம் இல்லை. பூவராகனின் ஆங்கிலம். ஒலிபெருக்கியை மறக்காமல் மாட்டுங்கள். குழந்தைகளை எண்ணிப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு இருமல். சின்ன, வறண்ட இருமல்.

வேதவல்லி கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கேசட்டில் அந்த இருமல் கிடையாது.

குதிரை வண்டி வரும், மெதுவாகப் போங்கள். மலிண்டா மூச்சு வாங்கினாள்.

"பாத்துப் போயிட்டு வாங்க."

கடைசிச் சொல்லில் அவர் இழுக்கும் அதே இழுப்பு.

அப்படியென்றால் என்ன என்று மலிண்டா கேட்டாள். கிளம்புகிறவர்களைத் திரும்பி வரச் சொல்வது என்றாள் வேதவல்லி. சொல்லி முடிக்கும்முன் உடைந்து அழுதாள். அன்று காலை அவள் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

மலிண்டா ஈரத்துணியைக் கூடையில் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். எதிரே திரையின் முதுகு. பதினோரு வருடத்தில் அவள் பார்த்ததே இல்லை. வண்ணம் பூசாத பலகைகள், துருப்பிடித்த ஆணிகள், ஒரு குருவிக்கூடு. அதற்கு அந்தப் பக்கம் ஏழாவது வரிசை.

மிக்ஸி ஓடவில்லை. வயல்வெளியில் ஒரு சத்தமும் இல்லை.

"போயிட்டு வாங்க," என்றாள். அந்தப் பக்கம் கேட்கும்படி, சத்தமாகவே சொன்னாள்.

தூறல் விழுந்தது. இருவரும் துணிகளை எடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பக்கம், வெள்ளைத் திரைமேல், மறுபடியும் மழை.