ஆமாவா, இல்லையா?

அந்த வகுப்பில் வாய்க்குப் பஞ்சமில்லை. இடைவேளையில் தாழ்வாரமே அதிரும். அவள் உள்ளே நுழைந்தால் மட்டும் அத்தனை பேருக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பதினைந்து வருஷம் வக்கீலாக இருந்தவள். குறுக்கு விசாரணையில் அவளிடம் மாட்டிய சாட்சி வியர்க்காமல் கூண்டைவிட்டு இறங்கியதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்தத் தொழிலை உதறிவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் பாடம் எடுக்க வந்தபோது சீனியர் வாய்விட்டுச் சிரித்தார். "அங்கியை யாருக்கும் குடுத்துடாதேம்மா. இங்கேயே ஆணியில தொங்கட்டும். திரும்பி வருவே பாரு." அந்தச் சிரிப்பு இன்னும் காதைக் குடைந்துகொண்டிருந்தது.

"என்ன கேட்டாலும் மண்ணு மாதிரி உக்காந்திருக்குதுங்க!" என்று வீட்டில் கணவரிடம் பொரிந்து தள்ளினாள்.

"நீ எப்படிக் கேக்கறே? என்கிட்ட கேக்கற மாதிரியா?"

"உங்ககிட்ட எப்படிக் கேக்கறேனாம்?"

"'பால் வாங்க மறந்துட்டீங்க, அப்படித்தானே? ஆமாவா, இல்லையா?' அந்த மாதிரி."

"உங்களுக்கு எப்பப் பாரு விளையாட்டு" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் கல்லூரி முதல்வரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவளை நிரந்தரமாக்குவதா, வேண்டாமா என்று அவர் முடிவு செய்யப்போகும் நாள் அது. வேண்டாம் என்றால் அந்த ஆணிதான் கதி.

அன்றைக்கு ஒப்பந்தம் பற்றிய பாடம். "ஒருத்தர் பழைய சைக்கிளை விக்கறேங்கறார். இன்னொருத்தர் தலையாட்டறார். விலை பேசலை. அப்போ ஒப்பந்தம் இல்லை, அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

வகுப்பே ஒரே குரலில் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "விலை பேசாட்டியும் ஒப்பந்தம் உண்டு, அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

முதல்வர் தொண்டையைச் செருமினார். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் தயங்கி எழுந்தாள். "மேடம், அவர் தலையாட்டினது வந்து..."

"வந்து போயெல்லாம் வேண்டாம். ஒப்பந்தம் உண்டா? ஆமாவா, இல்லையா?"

"ஆமா மேடம்." உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சாக்பீஸை மேஜையில் வீசினாள். "உங்க யாருக்கும் சொந்தமா ஒரு கேள்விகூட வராதா? எதையாவது கேட்டுத் தொலைங்களேன்!"

அதே பெண் மறுபடி எழுந்தாள். "வக்கீல் தொழிலை ஏன் மேடம் விட்டீங்க?"

"வழக்குக்குச் சம்பந்தமில்லாத கேள்வி" என்று வாய் முந்திக்கொண்டது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதல்வரும் சிரித்தார். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்காதே என்பது சீனியர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இந்தப் பெண்ணோ பதில் தெரியாததால்தான் கேட்கிறாள்.

"வெறுத்துப்போச்சு" என்றாள் கடைசியில். "கூண்டுல ஏறுற ஒவ்வொருத்தரும் எதையோ சொல்லத்தான் வராங்க. பாதியிலேயே வெட்டணும். அதுக்குத்தான் எனக்கு நல்ல பேரு. காலேஜுக்கு வந்தா யாராவது முழுசாப் பேசுவாங்க, கேக்கலாம்னு நினைச்சேன். நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்க!"

"திறந்தேனே மேடம்" என்றாள் அந்தப் பெண். "நீங்கதான் ஆமாவா, இல்லையான்னுட்டீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் முதல்வர் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"சொல்லு."

"அந்த ஆள் தலையாட்டினார்னீங்க. வந்து... மேலயும் கீழயுமா ஆட்டினாரா, பக்கவாட்டுலயா? சரின்னு ஆட்டினாரா, சும்மா காதுல விழுந்ததுக்கு ஆட்டினாரா? எங்க அப்பா எல்லாத்துக்குமே ஆட்டுவார், மேடம். ஒரு நாள் என்ன ஆச்சுன்னா..."

ஆச்சுன்னா என்ன, விஷயத்துக்கு வா என்று நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இழுத்து இழுத்து அப்பா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.