சூடாகும் வரை

பல் டாக்டர் பெட்டியை என் ரிப்பேர் கடை மேஜைமேல் வைத்தபோதே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. வாசிக்க வாசிக்கச் சுருதி நகர்ந்துகொண்டே போகிறது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது, அந்தக் கடையையும் மூடிவிட்டார்கள், விற்றது யாரென்று தெரியாது என்று வரிசையாகச் சொன்னார். கேட்காத விவரத்தை ஒருவர் எடுத்துக்கொடுத்தால் எனக்கு உள்ளே அரிக்க ஆரம்பித்துவிடும். பெட்டியின் கைப்பிடியில் சின்னச் சாவி ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. பெட்டியிலேயே சாவியைத் தொங்கவிடுகிற மனிதர் மற்றவர்கள் வாயில் என்னென்ன செய்வாரோ என்று நினைத்துக்கொண்டு திறந்தேன்.

உள்ளே இருந்தது மரவிளிம்பு வைத்த சிந்தசைசர், மின்சாரத்தில் சுரம் எழுப்புகிற பழைய காலத்துக் கீபோர்டு. முப்பத்தேழு கட்டை, இரண்டு வரிசைத் திருகிகள். எத்தனை விரலை வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். தயாரித்த கம்பெனி பெயர் சொன்னால் வாத்தியக்காரர்களே சிரிப்பார்கள். இதே மாடல் ஒன்று ஒன்பது வருஷத்துக்கு முன் என் மச்சான் வீட்டிலிருந்து காணாமல் போயிருந்தது. இந்த ஆளை மச்சான்தான் அனுப்பியிருப்பாரோ, நான் முழிக்கிற முழியைப் பார்த்துவரச் சொல்லியிருப்பாரோ என்று டாக்டரின் முகத்தையே பார்த்தேன். அவர் மத்தியானம் கிளினிக் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அடிப்பலகையைக் கழற்றினேன். சுருதி வைக்கிற சின்னத் திருகுகள் ஆட்டத்தில் நகராமல் இருக்க, தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். எல்லோரும் சிவப்பு வைப்பார்கள். என் மனைவி கத்தரிப்பூ நிறம்தான் பூசுவாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்துவருவதால் நான் வைப்பதும் அதுதான். மச்சானின் பெட்டிக்குச் சுருதி வைத்துக்கொடுத்ததும் நான்தான். நான்கு திருகின் தலையிலும் கத்தரிப்பூ நிறம் காய்ந்துபோய் இருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். மேடைப் பாட்டுக்குழுவில் கீபோர்டு வாசிப்பவர். மற்ற குழுக்காரர்கள் முந்நூறு வாத்தியம் பேசுகிற புதுக் கீபோர்டுகளோடு வரும்போது இவர் இந்த ஒற்றைக்குரல் பெட்டியோடு போவார். இதற்குள் ஒரே சுரம்தான் இரண்டாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது, இரண்டும் முழுசாக ஒட்டாது, அந்த மயிரிழை இடைவெளியில்தான் உயிர் இருக்கிறது என்பார். போட்டவுடன் தொடமாட்டார். சுவிட்சைத் தட்டிவிட்டு, சவரம் செய்து குளித்துவிட்டு வந்துதான் வாசிப்பார். அது சூடாகி நிலைக்க அரைமணி நேரம் வேண்டும். வாங்கிக் கொடுத்தவர் என் மாமனார், தன் ஓய்வுப் பணத்தில். இதை விற்றால் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லியே கொடுத்தார்.

அந்தக் கோடை விடுமுறையில் அவர்கள் குடும்பத்தோடு வெளியூர் போனார்கள். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம். பூட்டு உடையவில்லை, ஜன்னல் உடையவில்லை. மாமனார் போலீஸுக்குப் போகலாம் என்றார். குடும்ப விஷயம், வேண்டாம் என்று மச்சான்தான் பெரிய மனசு பண்ணினார். என்னைத் திருடனாக்க அந்தப் பெரிய மனசு போதாதா? என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மாதத்தில் மச்சான் புதுக் கீபோர்டு வாங்கினார். பாவம், வேறு வழியில்லாமல் வாங்கினார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என்னை 'மாப்பிள்ளை, மாப்பிள்ளை' என்று முன்னைவிட அதிகமாக மரியாதை பண்ண ஆரம்பித்தார். நான் போனால் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். மாமனார் மட்டும் மறைக்கத் தெரியாதவர். அவருடைய ரேடியோ ரிப்பேரானபோது என் கடையைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளி இன்னொருவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த வருஷம் செத்துப்போனார். நான் திருடன் இல்லை என்று தெரியாமலே போய்விட்டார்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன்.  "எதுக்கு வம்பு. டாக்டர்கிட்டயே குடுத்து அனுப்பிடுங்க" என்றாள். நான் எதிர்பார்த்த அளவு அவள் ஆச்சரியப்படவில்லை என்று தோன்றியது. எனக்குப் பக்கத்து வீட்டுப் பூனைமேல்கூடச் சந்தேகம் வரும், அதை விடுங்கள். ஆனால் இந்த ஒன்பது வருஷத்தில் 'நீங்க எடுத்தீங்களா' என்று அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

பெட்டி கிடைத்துவிட்டது என்று சொன்னால், இத்தனை நாளும் என் கடையில்தான் இருந்தது என்பார்கள். சொல்லாமல் விட்டால் காலத்துக்கும் நான்தான் திருடன். இரண்டு பக்கமும் அடி. பலகையை மூடி சுவிட்சைப் போட்டேன். ரிப்பேர் ஒன்றுமே இல்லை. டாக்டருக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். மச்சான் நம்பரை அழுத்தினேன்.

அதிசயமாகக் கூப்பிடுகிறீர்களே மாப்பிள்ளை என்றார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.  போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து நடுக்கட்டையை அழுத்தினேன். ஜலதோஷக்காரன் ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து பாட ஆரம்பித்ததுபோல் வந்தது. திருகியை மெல்லத் திறக்கத் திறக்க மூக்கடைப்பு விலகி, குரல் அகன்று, அறையை நிறைத்தது. உள்ளே இரண்டு சுரமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வேகமாக அலையடித்தன.  அந்தப் பக்கம் டிவி நின்றது.

"இன்னும் சூடாகல, மாப்பிள்ளை" என்றார் மச்சான். "அரைமணி நேரம் விடுங்க. தானா சேந்துக்கும்."

அவ்வளவுதான். அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன். உங்களிடம்தான் இருந்ததா என்று கேட்பார், கேட்டால் இன்னது சொல்ல வேண்டும் என்று வருஷக்கணக்காக மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தது, எதுவும் கேட்கவில்லை. குடையைத் தொலைத்தவன்கூட முதலில் எங்கே கிடைத்தது என்றுதானே கேட்பான்?

கைப்பிடியில் தொங்கிய சாவியைப் பார்த்தேன். இதை மச்சான் எப்போதும் தன் வண்டிச் சாவியோடுதான் கோத்து வைத்திருப்பார். அந்தக் கோடையில் வெளியூருக்கும் வண்டியில்தான் போனார். பெட்டியைத் தூக்கிய திருடனுக்குச் சாவி எப்படிக் கிடைத்தது? டாக்டர்மேல் பட்ட சந்தேகம், மனைவிமேல் பட்ட சந்தேகம் எல்லாவற்றுக்கும் வெட்கமாக இருந்தது. அதற்குமேல் கோபம் வந்தது. தெருவில் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாமனார் நடந்துபோனது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"மச்சான், சாவி பெட்டியிலயே இருக்கு" என்றேன்.

 அவர் போனை வைத்துவிடவில்லை. மூச்சு விடுவது கேட்டது. ஈயக்கம்பிச் சுருளை எடுத்துக் கட்டைமேல் பாரமாக வைத்துவிட்டுக் கையை எடுத்தேன். சுரம் நிற்காமல் ஓடியது. போன் அதன் பக்கத்திலேயே கிடந்தது. பத்து நிமிஷம் ஆனது, கால் மணி ஆனது.  அலை கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி, நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டப்போவதுபோல் நெருங்கிவந்து, ஒட்டாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.