காத்திருக்கும் நேரம் முந்நூறு

தம்பிக்கு நாற்பத்து மூன்று வயதில் மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பதாவது மாடியில், கையில் ஸ்பேனரோடு, இதை எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டான். கூட இருந்தவர் உடனே ஆம்புலன்ஸை அழைத்ததால் ஆள் பிழைத்தான். ஒரு மாதத்தில் பேச்சு திரும்பியது. மூன்றாம் மாதம் வலது கை திரும்பியது. வரிசை மட்டும் திரும்பவில்லை.

பல் தேய்க்க அவனுக்குத் தெரியும், பிரஷில் பேஸ்ட் வைக்கவும் தெரியும். ஆனால் தேய்த்து முடித்த பிறகு பேஸ்டை வைத்துக்கொண்டு விழிப்பான். சட்டைக்குப் பித்தான் எல்லாம் மாட்டிவிட்டு பனியனைத் தேடுவான்.

"பரவால்லடா, புது ஃபேஷன்னு நினைச்சுக்குவாங்க" என்பாள் அக்கா. அவனும் சிரிப்பான். சிரிப்பு அடங்கியதும் அவன் முகம் மாறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் சமையலறைப் பக்கம் போய்விடுவாள்.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள். எந்தப் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவள் பென்சில் முனையில் இருந்தது. அப்பா, அம்மா போன பிறகு இருவரும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் சீண்டாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

தம்பியின் அறையில் ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் இருந்தது. விசைப்பலகையும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஒரே பெட்டி. படம் தெரிய டிவியில் மாட்ட வேண்டும். பக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஒரு டிஸ்க் டிரைவ். தன் கல்யாணப் பேச்சுகள் எல்லாவற்றையும்விட அதிக காலம் இந்த வீட்டில் தாக்குப்பிடித்த பொருள் அது என்று அக்காவே சொல்லுவாள். அது ஒரே சமயத்தில் மூன்று குரலில் இசை எழுப்பும். தம்பி அதில் அறுபது மெட்டுகளுக்கு மேல் போட்டு வைத்திருந்தான்.

ஆனால் அந்த இயந்திரத்தைத் தட்டி எழுப்பினால் அது ஒன்றும் சொல்லாது. நீலத் திரையில் ஒரு சின்னக் கட்டம் மினுக்கிக்கொண்டு நிற்கும். தேதி கொடுக்க வேண்டும், திரை நிறம் மாற்ற வேண்டும், டிஸ்க்கை எழுப்ப வேண்டும், ஒலிக் கோப்பை ஏற்ற வேண்டும், இசை நிரலை ஏற்ற வேண்டும், மெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓடு என்று சொல்ல வேண்டும். ஏழு வேலை, ஒன்று முன்பின் ஆனாலும் 'பிழை' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா அறையை எட்டிப் பார்த்தபோது திரை முழுக்கப் பிழை, பிழை, பிழை. தம்பி மடியில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எவ்வளவு நேரமா?"

"எட்டு மணியிலிருந்து."

மணி பதினொன்று.

தம்பி வாரந்தோறும் போய்வந்த மறுவாழ்வுப் பயிற்சி மையத்தில் மறுவாரம் அக்கா இதைச் சொன்னாள். அங்கிருந்த பயிற்சியாளர் ஒரு பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். "அதை விட்டுடாதீங்க. அவருக்குப் பிடிச்ச வேலையில வரிசை இருக்குன்னா, நாங்க இங்க வரிசையா அடுக்கக் குடுக்கிற மரக்கட்டையைவிட அது நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்த அக்கா தம்பியின் அலமாரியிலிருந்து அந்த இயந்திரத்தின் கையேட்டை எடுத்தாள். கம்ப்யூட்டர் நிரல் என்றால் அவளுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்ட வரிகளைப் பார்த்ததும், 'அட, இதுவும் ஒரு அட்டவணைதான்' என்று தோன்றியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் வேண்டியது இருந்தது. இயந்திரம் விழித்ததும் டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட பெயரில் நிரல் இருந்தால், வேறு எதையும் கேட்காமல் முதலில் அதைத்தான் ஓட்டும்.

மூன்று வாரம், விடிகாலை ஐந்து மணியிலிருந்து ஏழு வரை, டிப்போவுக்குக் கிளம்பும் முன் அவள் அதோடு மல்லுக்கட்டினாள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் ஒரு ஞாயிறு காலை தம்பியை அழைத்து, "பொத்தானை மட்டும் அமுக்கு" என்றாள்.

அமுக்கினான். டிஸ்க் கறகறவென்றது. திரை நிறம் மாறியது. அவன் தொடாமலே ஏழு வேலையும் நடந்து, எப்போதோ அவன் போட்ட மெட்டு ஒன்று மூன்று குரலில் அறையை நிறைத்தது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி மெட்டு முடியும்வரை கேட்டான். பிறகு பொத்தானை அணைத்தான்.

"என்னடா, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ரேடியோ மாதிரி."

"அப்படின்னா?"

"இதுல எனக்கு என்னக்கா வேலை? நீ டைப் அடிக்கிற, அது பாடுது. நான் பொத்தானை அமுக்க வந்த ஆளா?"

"மூணு வாரம் கண்ணு பூத்துப்போச்சு எனக்கு. ஒரு வார்த்தை நல்லதா வருதா பாரு உன் வாயில!"

"நான் உன்னைக் கேட்டேனா?"

அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மாலையில் அவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். சொல்ல வந்ததை மனதுக்குள் அடுக்கிக்கொள்ள அவனுக்கு நேரம் வேண்டியிருந்தது. அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் காத்திருந்தாள்.

"அந்த ஏழு வேலையையும் உன் நிரலுக்குள்ள புதைச்சு வச்சிருக்க. அதை வெளிய எடுத்து தனியா ஒரு பட்டியலா வை. எதை அது செய்யணும், எதை நான் செய்யணும்னு நான் அந்தப் பட்டியல்ல சொல்றேன். நான் செய்ய வேண்டிய இடம் வந்தா அது நிக்கணும். எனக்காகக் காத்திருக்கணும்."

"நீ முழிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா?"

"கொஞ்ச நேரம் பாத்துட்டு சின்னதா ஒரு குறிப்பு குடுக்கட்டும். எவ்வளவு நேரம்ங்கிறதையும் நான்தான் சொல்லுவேன்."

அவ்வளவு நீளமாக, ஒழுங்காக அவன் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "நிறுத்தத்துல நின்னு ஆள் ஏறுதான்னு பாக்கிற பஸ் மாதிரி" என்றாள்.

"உனக்கு எல்லாமே பஸ்தான்."

இந்த முறை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். எது எப்படி என்று தனித்தனியாகக் கேட்டால் அவனுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. எதற்கு அடுத்து எது என்பதை அவள் பிடித்துக்கொண்டாள். பட்டியலில் ஏழு வரி. வரிக்கு எதிரே ஒன்று என்று போட்டால் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்; பூஜ்யம் என்றால் தம்பி. எட்டாவது வரி காத்திருக்கும் நேரம். இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால், அது நின்று காத்திருக்கும்போது திரையில் கேட்க வேண்டிய 'அடுத்து என்ன?' என்பதை ஆங்கில எழுத்தில் கோணலாக எழுதி வைத்தார்கள். படித்தால் யாரோ திக்குவது போலிருந்தது. அதுவே பொருத்தம் என்றான் தம்பி.

"இருபது வினாடி போடட்டுமா?"

"முந்நூறு."

"அஞ்சு நிமிஷமா? டேய், அதுவரைக்கும் நான் எப்படிச் சும்மா இருப்பேன்?"

"அது உன் கஷ்டம்."

முதல் நாள் கடைசி வேலைக்கு மட்டும் பூஜ்யம் போட்டான். மற்ற ஆறும் தானாக நடந்து 'அடுத்து என்ன?' என்று நின்றது. அக்கா கதவுக்கு வெளியே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். விசை தட்டும் சத்தம் கேட்டது, மெட்டு கிளம்பியது. உள்ளே போய் அவன் தலைமயிரைக் கலைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இரண்டாவது வாரம் இரண்டு பூஜ்யம். ஒரு மாதத்தில் நான்கு. நேராக ஏறிப் போகவில்லை. சில காலைகளில் எழும்போதே தலை கனத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் ஏழு வரிக்கும் ஒன்று போட்டுவிட்டு, "இன்னைக்கு எல்லாத்தையும் நீயே பாத்துக்கப்பா" என்று இயந்திரத்திடம் சொல்வான். அது ஏன், எதற்கு என்று கேட்காது. மறுநாள் பூஜ்யங்களைத் திரும்பப் போட்டாலும் நேற்று எங்கே போனாய் என்று கேட்காது. பயிற்சி மையத்தில் ஒரு நாள் பின்வாங்கினாலும் அட்டையில் குறிப்பு ஏறும். வீட்டில் அக்காவின் முகத்தில் ஏறும். இயந்திரத்தில் எதுவும் ஏறாது. அவன் அதிகம் முயன்றதே அதனால்தான் என்று அக்காவுக்குப் பின்னாளில் புரிந்தது. அவளும் முகத்தைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டாள்.

ஆறு பூஜ்யம் வந்த வாரம், பனியன் சட்டைக்குள்ளே போனது. அதை அவன் கவனிக்கவில்லை.

பட்டியலின் அச்சுப் பிரதியை அக்கா பயிற்சியாளரிடம் காட்டினாள். அவர் அதை இரண்டு முறை படித்தார். "இங்க ஒரு சமையல்காரம்மா இருக்காங்க. பெரிய விடுதியில இருபது வருஷம் அடுப்படியைக் கட்டி ஆண்டவங்க. இவரை மாதிரியே அவங்களுக்கும் வரிசை போயிடுச்சு, இப்ப அடுப்பைப் பாத்தாலே அழறாங்க. அவங்களுக்கு இதுல ஏதாவது வழி உண்டா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி, "கொண்டு வரேன்" என்றான்.

புதன்கிழமை இயந்திரத்தைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அவன் பஸ்ஸில் வந்தான். அக்கா டிரைவைத் தூக்கிக்கொண்டாள். மையத்தின் டிவியில் மாட்டினார்கள். சமையல்காரம்மா எதிர் நாற்காலியில் முந்தானையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியாது தம்பி."

"அதுக்கும் சமையல் தெரியாதும்மா. ரெண்டு பேரும் சமம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய ஆசை என்று கேட்டான். தக்காளி சூப் என்றார். அவர் முன்னும் பின்னுமாகச் சொல்லச் சொல்ல, "இருங்கம்மா, வடிகட்டுறதுக்கு முன்னாடி வேகணும்ல? அப்ப அது மூணாவது, இது நாலாவது" என்று தம்பி ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே போனான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அவள் கையைத் தொட்டார்.

பட்டியல் ஒன்பது வரி வந்தது. எல்லாவற்றுக்கும் எதிரே ஒன்று போட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினான்.

"மொத நாள் எல்லாத்தையும் இது சொல்லும். நீங்க பாத்து பாத்து செஞ்சா போதும். இல்ல, ஏதாவது ஒண்ணை நீங்களே பாத்துக்கிறதா இருந்தா சொல்லுங்க, பூஜ்யம் போட்டுடலாம்."

அவன் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக் காட்ட, சமையல்காரம்மா திரையை மேலிருந்து கீழே விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஆறாவது வரியில் விரல் நின்றது.

"உப்பை மட்டும் எங்கிட்ட விட்டுடு" என்றார்.