சைபருக்குச் சைபர்

என்ரை தம்பி இக்னேசியஸ் பிறம்ரனில இருக்கிறான். அங்கையிருந்து நான் இருக்கிற வோபர்னுக்கு வர முக்கால் மணித்தியாலம் போதும், ஆனா பெரிய துரை வருசத்தில ஒருக்காத்தான் வருவார். வந்தாலும் ஜக்கெற்றைக் கழட்டார். நான் கலியாணம் கட்டாத ஆள், பேஸ்மென்றில தனிய. இந்தமுறை இரவுச் சாப்பாடு முடியுமட்டும் அவனை விடுறேல்லை எண்டு முடிவு கட்டினன். நண்டுக்கறி வைச்சன். அலுமாரிக்குள்ள கிடந்த பழைய வீடியோ கேமைத் துடைச்சு ரீவியில கொழுவினன்.

அது நாங்கள் கனடாவுக்கு வந்த வருசம் பழைய சாமான் விக்கிற கறாஜ் சேலில வாங்கினது. அமெரிக்கன் புட்போல். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஆளையாள் இடிச்சு விழுத்துற விளையாட்டு. எங்களுக்கு உதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது? தொடக்கத்தில ஒருத்தன் பந்தை உதைப்பான். அதைப் பாத்திட்டு, உதைக்கிறதுதான் விளையாட்டு எண்டு நான் சொல்லிப்போட்டன். அண்ணன் சொன்னால் சட்டம். பந்து வந்த உடனை நான் உதைப்பன், பிறகு அவன் உதைப்பான். சைபருக்குச் சைபர். ஒருத்தரும் வெல்லாட்டி இன்னொரு ஆட்டம் போடத்தானே வேணும். நான் வேலையால, அவன் பள்ளிக்கூடத்தால வந்தால் நித்திரை வருமட்டும் இதுதான் எங்கடை பிழைப்பு.

அதைத்தான் இண்டைக்கும் நம்பியிருந்தன்.

மூண்டு மணிக்கு வந்தான். "உந்தச் சாமானை இன்னும் எறியேல்லையே அண்ணை?" எண்டு சிரிச்சுக்கொண்டு ஜக்கெற்றோடை இருந்தான். நான் உதைச்சன். அவன் உதைக்கேல்லை. பந்தைத் தூரத்துக்கு எறிஞ்சான், அங்காலை ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு ஓடினான். திரும்பவும் எறிஞ்சான். நாற்பத்திரண்டுக்குச் சைபர். அரை மணித்தியாலத்தில எல்லாம் முடிஞ்சுது.

"எங்கையடா பழகினனி?"

"அப்பவே தெரியும் அண்ணை. பள்ளிக்கூடத்தில பெடியள் முதல் மாசமே சொல்லித் தந்தவங்கள்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. "பிறகென்ன கோதாரிக்கு நாலு வருசமா என்னோடை உதைச்சுக்கொண்டிருந்தனி?"

"வெண்டால் ஆட்டம் முடிஞ்சிடும். உங்களுக்கு அப்ப வேறை ஆர் இருந்தவை?" கார்த் திறப்பை எடுத்துக்கொண்டுதான் சொன்னான். "மனுசி பாத்துக்கொண்டிருப்பா, நான் வெளிக்கிடுறன்."

நண்டைப் பெட்டியில போட்டுக் குடுத்தன், வாங்கினான். கார் மூலையில திரும்புமட்டும் வாசலில நிண்டன். இப்பவும் எனக்கு வேறை ஒருத்தரும் இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. விசரன். இண்டைக்கும் அவன் பந்தை உதைச்சிருக்கலாம்.